தை மாதக் கல்யாணமும் ஆறு சிட்டிங் பேக்கேஜும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 28, பெருங்குடியில் ஐடி வேலை, தையில் கல்யாணம், கையில் ஐந்து மாதம் இருக்கிறது. முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, லிஃப்ட் கேமராவில் உச்சந்தலை பளிச்சென்று தெரிகிறது. கன்னத்தில் பழைய பருக்களின் தடம். ஓர் அழகு சிகிச்சை மையத்தில் தலைக்கு ஆறு சிட்டிங் பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து தயாரித்துத் தலையில் போடும் ஊசி), முகத்துக்கு ஆறு சிட்டிங் லேசரும் பீலும் (அமிலத்தால் மேல்தோலை உரிப்பது) என்று பேக்கேஜ் போட்டு, இன்றே கட்டினால் பாதி விலை என்றார்கள். அக்காவுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம். முடி கொத்துக் கொத்தாக வருகிறது, கன்னத்தில் மங்கு. இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் தோல் மருத்துவர். ஜிஎச்சில் படித்துவிட்டு மேற்கு மாம்பலத்தில் பல வருஷமாகச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். இன்றே கட்டினால் பாதி விலை என்பது தி.நகரில் ஆடிக்குச் சரி, தலைக்குச் சரிவராது. அதைவிட எனக்கு உறுத்தியது, உங்கள் தலையைத் தொட்டுப் பார்த்தது யார் என்று நீங்கள் எழுதவே இல்லை. கவுன்சிலர் என்று ஒரு பெண் கணினியில் பேசினார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்ன நோய் என்று சொல்வதற்கு முன்பே எத்தனை சிட்டிங் என்று சொல்லிவிட்டார்கள்.

முடி கொட்டுவது ஒரே வியாதி கிடையாது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினம் ஐம்பது முதல் நூறு விழுவது கணக்கில் உள்ளதுதான். விழுந்த முடியைத் தினத்தந்தித் தாளில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜைமேல் வைக்கும் அம்மாக்கள் உண்டு. நான் அதை எண்ணுவதில்லை, முனையை மட்டும் பார்ப்பேன். வேரோடு வெள்ளைக் குமிழ் தெரிந்தால் தலையிலிருந்து கழன்றது. முனை பிய்ந்திருந்தால் நடுவில் உடைந்தது. லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் முடியைச் சொரசொரப்பாக்கும், உடைக்கவும் செய்யும். வழுக்கைக்கு அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. ஹெல்மெட்டையும் அப்படித்தான், வேர்வையில் பொடுகு வரலாம், வழுக்கை வராது.

அடுத்து, ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுப்பேன். ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால், மொத்தத் தலையும் ஒரே நேரத்தில் உதிர்கிற வகையாக இருக்கலாம். காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் போன்ற ஓர் அதிர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வருவது இது. சென்னையில் இதற்கு ஒரு சீசனே உண்டு: மழைக்காலத்தில் டெங்கு, பொங்கல் கழிந்ததும் என் கிளினிக்கில் கூட்டம். காய்ச்சலை மறந்தே போயிருப்பார்கள், ஷாம்புவைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கும். அந்த ஆறு மாதத்தில் யார் என்ன ஊசி போட்டிருந்தாலும் பெயர் அவர்களுக்குத்தான்.

உங்களுடையது அப்படித் தெரியவில்லை. நெற்றியின் இருபுறமும் ஏறுகிறது, உச்சியில் இளைக்கிறது, அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வழுக்கை என்கிறீர்கள். ஆண் வகை வழுக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்தால் அழகாகத் தெரியும்: ஒரே இடத்தில் ஒரு முடி தடித்த கறுப்பு நூலாகவும், பக்கத்தில் இருப்பது பஞ்சு இழையாகவும் நிற்கும். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோன் முடிக்குழியை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருக்குகிறது. முடி விழுவதைவிட, முளைத்து வருவது மெலிந்துகொண்டே போவதுதான் இங்கே பிரச்சினை.

இதற்கு ஆதாரம் உறுதியாக உள்ள மருந்துகள் இரண்டு, இரண்டுமே பழையவை. மினாக்ஸிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்வதைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. ஐந்து சதவீதக் கரைசல், காலையும் இரவும் ஒரு மில்லி, முடியில் இல்லாமல் மண்டைத்தோலில் படவேண்டும். என்ன நடக்கும் என்று நேராகச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதத்துக்குள் சிலருக்கு முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடி புதியதற்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான். ஆனால் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, மருந்தால்தான் போச்சு என்று ஊருக்கெல்லாம் சொல்வார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் கிடைத்தது போய்விடும். அரிப்பு வரலாம், சிலருக்கு நெற்றியில் பூனைமுடி வளரும். பூனை என்றதும் ஞாபகம் வருகிறது: வீட்டில் பூனை இருந்தால் சொல்லுங்கள். தடவின தலையை நக்கினாலே அதற்கு ஆபத்து.

இன்னொன்று ஃபினாஸ்டிரைடு மாத்திரை. 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஐந்து மில்லிகிராமாக வந்தது, 1997-இல் வழுக்கைக்கு ஒரு மில்லிகிராமாக வந்தது. டிஎச்டியைத் தடுப்பதால் அடிப்படைக் காரணத்தையே தொடுகிறது. பெரும்பாலான ஆண்களுக்கு இருப்பது நிற்கும், சிலருக்குத் திரும்பியும் முளைக்கும். பக்கவிளைவைப் பற்றி இணையத்தில் பயமும் இருக்கிறது, அலட்சியமும் இருக்கிறது. நூற்றில் ஓரிருவருக்கு ஆசை குறைவது, விறைப்பு குறைவது போன்றவை வரும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. மனச்சோர்வு இருந்தவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். கல்யாணம் வரப்போகிற உங்களுக்கு இதை மறைக்கக்கூடாது என்பதால்தான் விரித்து எழுதுகிறேன். சிலருக்கு விந்தணு எண்ணிக்கையும் குறையலாம், அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். மனைவி கர்ப்பமானால் உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக்கூடாது. மாத்திரை சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்குகிற மருந்து இது இல்லை.

சரி, பிஆர்பி. உங்கள் கையிலிருந்து பத்து இருபது மில்லி ரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுற்றுவார்கள். குழாயை எடுத்துப் பார்த்தால் அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர், நடுவே மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம். அந்தப் படலத்தை ஒட்டிய பகுதியில் தட்டணுக்கள் செறிந்திருக்கும். அதை உறிஞ்சித் தலையில் நூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் குத்தாக இறக்குவார்கள். மரத்துப்போகும் களிம்பு போட்டாலும் நெற்றியோரம் வலிக்கும். மாதம் ஒன்றாக மூன்று நான்கு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கொரு முறை என்பது வழக்கம். பலன் உண்டா? சிலருக்கு உண்டு. முடி கொஞ்சம் தடிக்கும், உதிர்வது குறையும். ஆனால் ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு விதமாகத் தயாரிப்பதால் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. என் கணக்கில் இது ஊறுகாய். மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டிரைடும்தான் சாதம். உங்களிடம் ஊறுகாயை மட்டும் ஆறு தட்டு விற்கப் பார்த்திருக்கிறார்கள். பளபளவென்று மண்டை தெரிகிற இடத்தில் பிஆர்பி முடியைக் கொண்டுவராது. ஒன்றை மட்டும் கண்ணால் பாருங்கள்: குழாயும் ஊசியும் உங்கள் முன்னால் பிரிக்கப்பட்டவையா, குழாயில் உங்கள் பெயர் எழுதப்பட்டதா என்று. ரத்த விஷயம் இது.

முடி நடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பேக்கேஜ் முடிகிற அன்றைக்கு அடுத்து அதைத்தான் பேசுவார்கள். பின்மண்டையில் இருக்கும் முடிக்கு டிஎச்டி பெரிதாக உறைக்காது. அதை முன்னால் நட்டாலும் அந்தக் குணத்தை மறக்காது என்று 1959-இல் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டினார். மொத்தத் தொழிலும் அதன்மேல்தான் நிற்கிறது. நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நடுவது மாதிரிதான், ஆனால் இந்த நாற்றங்காலில் மறுபடி விதைக்க முடியாது. பின்மண்டையில் இருப்பது ஆயுளுக்கும் அவ்வளவுதான். 28 வயதில் முன்நெற்றியை ராஜா மாதிரி இறக்கி நட்டுவிட்டு மருந்தையும் எடுக்காமல் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி போய்க்கொண்டே இருக்கும். நாற்பதில் முன்னால் ஒரு வேலி, நடுவே மைதானம். அதனால் இந்த வயதில் ஒரு வருஷமாவது மருந்தில் நிலைநிறுத்திவிட்டு அப்புறம் பேசுவோம் என்பேன்.

நட்டாலும் உடனே கிடைக்காது. பொருக்கு உதிர ஒரு வாரம் பத்து நாள், நட்ட முடி இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொட்டும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்க ஆரம்பிக்கும், முழு உருவம் தெரிய ஒரு வருஷம். இப்போது நட்டால் தாலி கட்டும் அன்று பாதி விளைச்சல்தான் இருக்கும்.

ஆபத்தையும் சொல்லவேண்டும். 2016-இல் இதே சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். பல மணி நேரம் மரப்பு ஊசி போட்டுச் செய்கிற வேலை இது. மருந்தின் அளவு கூடினாலோ ஒவ்வாமை வந்தாலோ சமாளிக்க ஆளும் கருவியும் அங்கேயே இருக்கவேண்டும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென்றே அறிவுறுத்தல் வெளியிட்டது: பயிலரங்கில் உட்கார்ந்தோ யூடியூபில் பார்த்தோ கற்றுக்கொண்டு செய்வதற்கில்லை, முறையாகப் பயின்ற மருத்துவர்தான் செய்யவேண்டும் என்று. யூடியூப் என்று அரசு ஆவணத்தில் எழுதவேண்டிய நிலைமை!

எண்ணெய், சின்ன வெங்காயம், கரிசலாங்கண்ணி பற்றி ஒரு வரி. முடி வழவழப்பாக இருக்க எண்ணெய் நல்லது, முளைக்கவைக்காது. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்த்துச் சரியானது என்பார்கள். சின்னப் புழுவெட்டு பல நேரம் சும்மா விட்டாலே வளரும். திருப்பதியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பதும் கண்ணுக்குத் தெரிகிற மயக்கம்தான். சவரக்கத்தி வேரைத் தொடுவதில்லை. பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், தைராய்டு பரிசோதனைக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டும்.

இப்போது முகம். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை விரலால் தடவுங்கள். கண்ணாடியில் தெரிந்தும் விரலுக்குத் தெரியாதது கறை. விரல் இறங்கி ஏறினால் குழி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கறைக்குக் களிம்பும், சில மாதப் பொறுமையும், வேண்டுமானால் கிளைக்காலிக் அல்லது சாலிசிலிக் அமில பீலும் போதும். பீல் என்பது மேல்தோலை உரிப்பது, குழியை நிரப்பாது. குழிக்குத் தோலுக்கடியில் ஊசியால் இழையை அறுத்துவிடும் சப்சிஷன், நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங், தோலில் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சும் ஃப்ராக்ஷனல் லேசர் இவையெல்லாம் வேண்டியிருக்கும், மாதத்துக்கொரு முறையாக, பல மாதம். பாதி குறைந்தால் நல்ல பலன் என்று நானே சந்தோஷப்படுவேன். விளம்பரப் போட்டோவில் இருப்பதில் பாதி, வெளிச்சத்தின் வேலை: நேர் வெளிச்சத்தில் எந்தக் குழியும் தெரியாது. பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்கவேண்டும்.

நம் தோலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கொசு கடித்தாலும் கறுத்துத்தானே ஆறுகிறது? லேசரும் பீலும் அதற்குக் காயம்தான். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை நம் தோலில் வைத்தால் கறுப்பு படிந்து, போக மாதக்கணக்காகும். அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுபவர்தான் நல்ல மருத்துவர். முதல் சிட்டிங்கில் ஒன்றுமே தெரியவில்லை என்று நீங்கள் கோபப்படுவது அவருக்கும் தெரியும்.

அக்காவுக்கு வருகிறேன். பிரசவத்துக்கு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது நான் மேலே சொன்ன அதிர்ச்சி வகை. கர்ப்பத்தில் விழாமல் நின்ற முடியெல்லாம் சேர்ந்து விழுகிறது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் பழையபடி ஆகும். ரத்தசோகை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள், பத்தியம் என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பால் கொடுக்கும்போது மினாக்ஸிடில் வேண்டாம். வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு கதை, நேரில் காட்டவேண்டும்.

மங்குதான் பிடிவாதம் பிடிக்கும். ஹார்மோன், வெயில், சூடு மூன்றும் சேர்ந்து வருவது. குறையும், ஒரு சித்திரை வெயிலில் திரும்பும். இதில் லேசரை முதலில் எடுப்பது தப்பு, சிலருக்கு அதிகமாகிவிடும். முதலில் சன்ஸ்கிரீன், அதுவும் நிறம் கலந்தது. ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைத் தூண்டும், வெள்ளை க்ரீம் அதைத் தடுக்காது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கவேண்டும். நம் ஆட்கள் பட்டாணி அளவு எடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். பால் கொடுக்கும் காலத்தில் அசிலாயிக் அமிலம் போன்ற சில களிம்புகள் போடலாம்; மற்றதெல்லாம் அப்புறம்.

பக்கத்து மெடிக்கலில் மங்குக்கு என்று கொடுக்கும் ட்யூபை மட்டும் அக்கா வாங்கவேண்டாம். பின்பக்கம் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று எது இருந்தாலும் ஸ்டீராய்டு. பத்து நாளில் முகம் பளபளக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும். 2018-லேயே இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீமில் பாதரசம் இருந்து சிறுநீரகம் பாதித்தவர்களை 2023-இல் கேரளத்து மலப்புரத்தில் கண்டுபிடித்தார்கள். கல்யாணப் பேக்கேஜில் குளூட்டாதயோன் ஊசி என்று ஒன்று சேர்த்திருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். நிறத்துக்காக அங்கீகரிக்கப்பட்ட ஊசி அது இல்லை. மாநிறத்துக்கு வைத்தியம் எதற்கு என்பதை நான் தனியாகத் திட்டி எழுதவேண்டும், இன்று வேண்டாம்.

முகச்சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி உங்களுக்குத் தேவையில்லை. லேசரில் முடி எடுப்பதை அக்கா யோசித்தால், அது குறைப்புதான், ஒழிப்பு இல்லை. ஆறு முதல் எட்டு முறை, நரைமுடியில் வேலை செய்யாது, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருந்தால் அதையும் பார்க்கவேண்டும்.

உங்கள் ஐந்து மாதத்துக்கு நான் போடும் திட்டம் இது. இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துத் தலைக்கு மருந்தைத் தொடங்குங்கள். தைக்குள் கொட்டுவது நின்று, லேசாக முளைத்திருந்தால் நல்ல அதிர்ஷ்டம். முகத்துக்கு இரவில் களிம்பு, காலையில் சன்ஸ்கிரீன், குழிக்கு இரண்டு மூன்று சிட்டிங் ஆகலாம். மார்கழி பிறந்ததும் முகத்துக்கான சிட்டிங்குகளை எல்லாம் நிறுத்துங்கள், தலை மருந்தை நிறுத்தவேண்டாம். கடைசி மூன்று நான்கு வாரத்தில் முகத்தில் புதிதாக எதுவும் போடக்கூடாது, நண்பர்கள் இழுத்துப்போகும் ஃபேஷியலும் ப்ளீச்சும் உட்பட. ஒருமுறை ரிசப்ஷனுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு, ஷட்டரை இறக்கப்போகும் நேரத்தில், ஒரு மாப்பிள்ளையை இரண்டு மச்சான்கள் கூட்டிவந்தார்கள். ப்ளீச் போட்ட இடம் மீசைக்கு மேலிருந்து காதுவரை தீப்பட்டது மாதிரி சிவந்து, ஓரத்தில் நீர்க் கொப்புளம். என்னால் முடிந்தது எரிச்சலைக் குறைப்பது மட்டும். மேக்கப் போடுபவரிடம் பேசிவிட்டு, போட்டோகிராஃபருக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். நரைக்கு டை அடிப்பதானால் காதுக்குப் பின்னால் வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அடியுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு வராது. முடி நடுவது போன்ற அழகு அறுவைசிகிச்சைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. சொன்ன விலையில் அது சேர்ந்ததா என்று கேளுங்கள். கையைக் கடிக்கிறது என்றால் ஜிஎச், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் காலையில் தோல் பிரிவு உண்டு, காசில்லை. வரிசையில் நிற்கவேண்டும், ஆனால் பார்ப்பவர் தோல் மருத்துவராக இருப்பார். தனியாரிடம் போனால் பலகையில் எம்.டி. டிவிஎல் என்ற தோல் மருத்துவ மேற்படிப்பு அல்லது தோல் மருத்துவப் பட்டயம் இருக்கிறதா என்று பாருங்கள். காஸ்மெட்டாலஜிஸ்ட் என்று மட்டும் இருந்தால் அதற்குப் பின்னால் என்ன படிப்பு என்று கேட்கவேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவானவருக்கு எண் இருக்கும்.

அந்த மையத்திலிருந்து ஆஃபர் நாளையோடு முடிகிறது என்று மறுபடி போன் வரும். ஊசி போடப்போகும் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் போன் வராது.